தேர்தல் பந்தயமும் ஓட்டுரிமையும்

(சேலையூரில் ஒரு வாசகசாலையின் ஆதரவில் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று இக்கூட்டத்தில் பேசும்படி நமக்குக் குறிக்கப்பட்டிருக்கும் விஷயம் "தேர்தல் பந்தயம்" என்பதாகும். இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். குதிரைப் பந்தயம் கெடுதி, சீட்டாட்டம் கெடுதி, லாட்டரிச் சீட்டு கெடுதி என்று எல்லோரும் பேசியாய்விட்டது. அந்த வரிசையில் இதுவும் ஒரு கெடுதி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ள நாம் வரவில்லை. இந்தப் பந்தயத்தில் பணத்தோடுகூட நம்முடைய ஓட்டும் சேர்ந்து பறிபோகின்றது என்பதே நம்முடைய அபிப்பிராயம். அதைக் காரணத்தோடு எடுத்துச் சொல்லுகிறோம். நாம் சொல்லுவதாலேயே அதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.

இந்த விஷயத்தைப் பேச வேண்டுமென்று நமக்குத் தோன்றியதற்கு ஒரு வாலிபரே காரணம். அவர் இந்தக் கேம்ப் ரோட்டுப் பக்கத்தில் குடியிருப்பவர். ஒரு கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர். பெயரைச் சொல்லாமல் சங்கதியை மட்டும் சொல்லலாம் என்று அவரே நமக்கு அனுமதி கொடுத்திருக்கிறார். 2024-ம் வருஷம் பார்லிமெண்டுத் தேர்தலின்போது, இந்தச் சேலையூர் சேர்ந்த ஸ்ரீபெரும்புதூர் தொகுதியிலானாலும் சரி, தமிழ்நாடு முழுவதிலுமானாலும் சரி, முதல் இடம் யாருக்கு என்பதில் ஜனங்களுக்கு அதிகச் சந்தேகம் இருக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் தி.மு.க. அபேட்சகர் 4,87,029 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆகவே பந்தயக்காரர்களுக்கு முதல் இடத்தில் ருசியில்லாமல் போய்விட்டது. இரண்டாவது இடம் அண்ணா தி.மு.க. கூட்டணிக்கா, பா.ஜ.க. கூட்டணிக்கா என்பதே அன்று டீக்கடை தோறும் நடந்த வாதம். அந்த வாதத்தின்மேல் செல்போன் வழியாகப் பணம் கட்டும் இடமும் அந்த வாலிபருக்குக் கிடைத்துவிட்டது. பா.ஜ.க. கூட்டணிக்கே இரண்டாவது இடம் என்று அவர் கொஞ்சம் கொஞ்சமாக 40,000 ரூபாய் கட்டினார். அந்தப் பணம் அவருடைய தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்து, வீட்டு அட்வான்சுக்காக வைத்திருந்தது. ஜூன் 4-ந் தேதி ஓட்டு எண்ணியபோது, மாநிலம் முழுவதும் சேர்த்து அண்ணா தி.மு.க. கூட்டணி 100-க்குச் சுமார் 23 வீதமும், பா.ஜ.க. கூட்டணி சுமார் 18 வீதமும் வாங்கியிருந்தன. 40,000 ரூபாயும் போய்விட்டது.

"ஏன் அப்பா இப்படிச் செய்தாய்?" என்று நாம் கேட்டோம். "விலை ஏறிக்கொண்டே போனது, அய்யா. அத்தனை பேர் பணம் போடுகிறார்கள் என்றால் விஷயம் தெரியாமலா போடுவார்கள் என்று நினைத்தேன்" என்றார். பிறகு, நாம் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். "நான் முதலில் வேறு கட்சிக்கு ஓட்டுப் போடுவதாகத்தான் இருந்தேன். பணம் கட்டிய பிறகு, பணம் கட்டின பக்கமே ஓட்டையும் போட்டுவிட்டேன்" என்றார்.

தோழர்களே! பணம் போனது பெரிய நஷ்டமா, ஓட்டு மாறினது பெரிய நஷ்டமா என்று யோசித்துப் பாருங்கள். பணத்தை மறுபடி சம்பாதித்துக்கொள்ளலாம். அந்த ஓட்டைத் திரும்ப வாங்குவதற்கு ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். அவர் எந்தக் கட்சியிலிருந்து எந்தக் கட்சிக்கு மாறினார் என்பதைப் பற்றி நமக்குக் கவலையில்லை. தலைகீழாக மாறியிருந்தாலும் நாம் இதையேதான் சொல்லியிருப்போம்.

பழைய பந்தயமும் புதிய பந்தயமும்

தேர்தல் பந்தயம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. இன்ன கட்சி தோற்றால் மீசையை எடுத்துக்கொள்ளுகிறேன், மொட்டையடித்துக்கொள்ளுகிறேன், பத்துப் பேருக்குப் பிரியாணி வாங்கித் தருகிறேன் என்று பந்தயம் கட்டாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. அதில் போவது அவனவன் மீசைதான். அதை யாரும் "மார்க்கெட்டின் தீர்ப்பு" என்று சொல்லிக்கொண்டு திரிவதில்லை.

புதிய பந்தயம் அப்படிப்பட்டதல்ல. அதன் ஏற்பாடு இப்படி: "இன்ன கட்சி இரண்டாவதாக வருமா?" என்று ஒரு கேள்வி போடுவார்கள். "வரும்" என்று ஒரு சீட்டு. "வராது" என்று ஒரு சீட்டு. இரண்டின் விலையும் சேர்ந்து 10 ரூபாய். "வரும்" சீட்டு 7 ரூபாய்க்கு விற்றால் "வராது" சீட்டு 3 ரூபாய். முடிவு வந்தபிறகு, சரியாகச் சொன்ன சீட்டுக்கு 10 ரூபாய் கிடைக்கும். மற்றது குப்பைக்குப் போகும். ஜெயித்தவன் வாங்கும் ஒவ்வொரு காசும் தோற்றவன் பையிலிருந்து வருவதுதான். இந்த வியாபாரத்தில் ஒரு படி நெல்லோ ஒரு முழம் துணியோ புதிதாக உண்டாவதில்லை. நடுவிலிருக்கும் கம்பெனிக்காரன் தன் கமிஷனை எடுத்துக்கொண்டுதான் மீதியைக் கொடுப்பான். ஆகவே ஆடுகிறவர்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், கமிஷன் அளவுக்கு நஷ்டத்தைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது. இது இரண்டாம் வகுப்புக் கணக்கு.

இவ்வளவோடு நின்றால் பரவாயில்லை. அந்த 7 ரூபாய் விலையைக் காட்டி, "அந்தக் கட்சி இரண்டாவதாக வருவதற்கு 100-க்கு 70 பங்கு நிச்சயம்" என்று அர்த்தம் சொல்லுகிறார்கள். பத்திரிகையில் போடுகிறார்கள், டி.வி.யில் காட்டுகிறார்கள். முன்னே ஜோசியன் கிரகம் பார்த்துச் சொன்ன இடத்தில் இன்று விலைப்பட்டியல் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. ஜோசியன் தப்பாகச் சொன்னால், "நேரம் சரியில்லை" என்பான். விலைப்பட்டியல் தப்பாகப் போனால், "100-க்கு 30 பங்கு நடக்காமலும் போகலாம் என்று அப்போதே சொன்னோமே" என்பார்கள். ஒரே ஒரு தேர்தலை வைத்துக்கொண்டு இந்தச் சொல்லைப் பொய்யென்று யாரும் ரூபிக்க முடியாது. ரூபிக்க முடியாத ஒன்றைச் சொல்லுகிறவனிடம் பகுத்தறிவுள்ளவன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா?

இதில் உண்மையே இல்லையா?

நிற்க, எதிர்க்கட்சியின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பல பேருக்குப் பல இடங்களில் தெரிந்த சில்லறை விஷயங்கள் எல்லாம் விலையில் வந்து சேருகின்றன. பொய் சொல்லுகிறவன் பணத்தை இழப்பான், ஆகவே உண்மை நிற்கும் என்று படித்தவர்கள் சொல்லுகிறார்கள். இதில் சிறிது நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையார் 1988-ம் வருஷத்திலேயே இப்படி ஒரு மார்க்கெட் நடத்தினார்கள். அவ்வருஷத்து ஜனாதிபதித் தேர்தலில் இரு அபேட்சகர்களும் வாங்கிய ஓட்டு வீதத்துக்கு மிகவும் சமீபமாகவே அதன் கணக்கு இருந்தது. ஆனால் அங்கே ஒருவர் 500 டாலருக்கு மேல் போட முடியாது என்று கட்டுப்பாடு வைத்திருந்தார்கள்.  கட்டுப்பாடில்லாவிட்டால் அது ஆராய்ச்சியாக இருக்காது, பணக்காரன் ஆட்டமாகிவிடும் என்பது நம் அபிப்பிராயம். அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, அந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்கிறவர்களைப் பற்றித்தான் நாம் இங்கே பேசுகிறோம்.

கட்டுப்பாடில்லாத இடத்தில் என்ன நடக்கும்? இந்த மண்டபத்திலேயே பத்துப் பேரை எடுத்துக்கொள்ளுவோம். ஒன்பது பேர் கூலிக்காரர்கள். "இந்தக் கட்சி இரண்டாவதாக வராது" என்று ஆளுக்கு 100 ரூபாய் கட்டுகிறார்கள். ஆக 900 ரூபாய். பத்தாவது ஆள் ஒரு பெரிய தரகர். "வரும்" என்று அவர் ஒருவரே 1,00,000 ரூபாய் கட்டுகிறார். விலை எந்தப் பக்கம் ஏறும்? அவர் பக்கம்தான் ஏறும். மறுநாள் பத்திரிகையில் "மார்க்கெட் சொல்லுகிறது" என்று வரும். சொன்னது மார்க்கெட்டா, அந்த ஒரு மனிதரா? ஒன்பது தலை ஒரு பக்கம், ஒரு பை ஒரு பக்கம், பை ஜெயித்துவிட்டது.

இது நாம் கற்பனையாகச் சொல்லுவதல்ல. 2016-ம் வருஷம் ஜூன் 23-ந் தேதி பிரிட்டனில், ஐரோப்பிய யூனியனில் இருப்பதா பிரிவதா என்று ஜனங்களின் ஓட்டு எடுத்தார்கள். பந்தயக் கடைகளின் விலை "இருப்பார்கள்" என்றே கடைசி நாள் வரைக்கும் அடித்துச் சொல்லிற்று. முடிவில் 100-க்குச் சுமார் 52 பேர் பிரிவதற்கு ஓட்டுப் போட்டார்கள். பிறகு வில்லியம் ஹில் என்ற பந்தயக் கம்பெனி வெளியிட்ட கணக்கு என்ன தெரியுமா? பந்தயம் கட்டியவர்களைத் தலை எண்ணிப் பார்த்தால் அதிகம் பேர் "பிரிவார்கள்" என்றுதான் கட்டியிருந்தார்கள். பணத்தை எண்ணிப் பார்த்தால் "இருப்பார்கள்" என்பதற்கே அதிகம் விழுந்திருந்தது. சின்னப் பணம் போட்ட ஏழைகள் ஊர் நிலவரத்தைச் சொன்னார்கள். பெரிய பணம் போட்டவர்கள் தங்கள் ஆசையைச் சொன்னார்கள். விலையோ பெரிய பணத்தின் பேச்சைக் கேட்டது.

தோழர்களே! இந்த ஏற்பாட்டை நாம் எங்கேயோ பார்த்த மாதிரி இல்லையா? 1937-ம் வருஷத்தில் சென்னை மாகாண சட்டசபைக்கு நடந்த தேர்தலில் எல்லோருக்கும் ஓட்டு இருந்ததா? இல்லை. வரி கட்டுகிறவன், சொத்துள்ளவன், எழுதப்படிக்கத் தெரிந்தவன் முதலியவர்களுக்கே ஓட்டு இருந்தது. ஏர் பிடித்தவனுக்கும், தெருக் கூட்டினவனுக்கும், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் பெரும்பாலும் ஓட்டுக் கிடையாது. 1951-52 தேர்தலில்தான் 21 வயதான ஒவ்வொருவருக்கும் ஓட்டு வந்தது. 1989-ல் அது 18 வயதாயிற்று. இந்தச் சேலையூரில் மாடி வீட்டுக்காரருக்கும் ஓர் ஓட்டு. அவர் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாளுக்கும் ஓர் ஓட்டு. மனிதனுக்கு மனிதன் சமம் என்பதை வருஷம் முழுவதும் ஒப்புக்கொள்ளாத இந்தத் தேசம், ஓட்டுச் சாவடிக்குள் மட்டும் ஒரு நிமிஷம் ஒப்புக்கொள்ளுகிறது. அந்த ஒரு நிமிஷத்தையும், ரூபாய்க்கு ஓர் ஓட்டு என்று பழையபடி சொத்துக்காரனிடம் ஒப்படைக்கும் வேலைதான் இந்தப் பந்தய விலையை ஜனங்களின் எண்ணம் என்று நம்புவது.

நம்பினவர்கள் பட்ட பாடு

தேர்தல் ஜோசியத்தை நம்பினவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. 2016-ல் தமிழ்நாட்டு சட்டசபைத் தேர்தல் முடிந்ததும், ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வருகிறவர்களைக் கேட்டு எடுத்த கணிப்புகளில் பெரும்பாலானவை தி.மு.க. ஆட்சிக்கு வரும் என்றன. எண்ணிப் பார்த்தால் அண்ணா தி.மு.க. மறுபடி வந்தது. ராதாபுரம் தொகுதியில் வித்தியாசம் 49 ஓட்டு. ஒரு தெருவின் ஓட்டு. இதை எந்த விலைப்பட்டியல் முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியும்?

2024-ல் ஜூன் 1-ந் தேதி சாயந்திரம் வந்த கணிப்புகள், பா.ஜ.க. கூட்டணிக்கு 350-க்கு மேல், சில 400 வரைக்குங்கூட என்றன. ராஜஸ்தானத்து பலோடி ஊர்ப் பந்தயச் சந்தை என்று பத்திரிகைகளில் வந்த கணக்கும் பா.ஜ.க.வுக்கு மட்டும் 300-ஐச் சுற்றியே இருந்தது. இதை நம்பி ஜூன் 3-ந் தேதி பம்பாய் பங்கு மார்க்கெட்டில் சென்செக்ஸ் 2,507 புள்ளி ஏறிற்று. மறுநாள் ஓட்டு எண்ணினால் பா.ஜ.க.வுக்கு 240, கூட்டணிக்கு 293. அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 4,389 புள்ளி விழுந்தது. பங்குகளின் மதிப்பில் சுமார் 31 லட்சம் கோடி ரூபாய் குறைந்தது. கோடிக்கணக்கில் பணமும், கணக்குப் போடும் இயந்திரங்களும், படித்த ஆட்களும் வைத்துக்கொண்டிருப்பவர்கள் கதியே இப்படியென்றால், கேம்ப் ரோட்டு வாலிபர் எம்மாத்திரம்?

"அதே 2024 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலைப் பந்தய மார்க்கெட் சரியாகச் சொல்லவில்லையா?" என்று கேட்பீர்கள். ஆம், சொல்லிற்று. அதை மறைப்பது நமக்கு யோக்கியதையாகாது. அதில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் 3 கோடி டாலருக்குமேல் கட்டி, அதைவிட மிகப் பெரிய லாபம் எடுத்தார். எப்படி எடுத்தார்? தன் சொந்தச் செலவில் ஒரு கணிப்பு எடுத்து, "உன் அண்டை வீட்டுக்காரர் யாருக்கு ஓட்டுப் போடுவார்?" என்று கேட்கச் செய்து, அதன் முடிவை வைத்துப் பணம் கட்டினதாக அவரே பத்திரிகைக்குச் சொன்னார். ஊருக்குப் பயன்படக்கூடிய ஓர் அறிவைக் காசு கொடுத்து வாங்கி, மற்றவர்களுக்குத் தெரியாத வரைக்கும்தான் லாபம் என்பதினால், பந்தயம் முடிகிற வரைக்கும் அதைப் பூட்டி வைத்தார். அறிவை எல்லோருக்கும் பொதுவாக்க வேண்டும் என்பது நம் கொள்கை. அறிவை ஒளித்து வைத்தால்தான் லாபம் என்பது இந்த மார்க்கெட்டின் கொள்கை. சரியாகச் சொன்ன போதும் அதனுடைய யோக்கியதை இவ்வளவுதான்.

மழையும் ஓட்டும்

முன்னே கல்கத்தாவில் மழைச் சூதாட்டம் என்று ஒன்று நடந்தது. இன்று மழை பெய்யுமா, கூரைக் குழாயில் தண்ணீர் ஒழுகுமா என்று பணம் கட்டுவார்கள். அதைத் தடுக்க வங்காள சர்க்கார் 1897-ல் சட்டமே போட்டார்கள். அந்தச் சூதாட்டத்தால் ஆட்கள் கெட்டார்களேயொழிய மழை கெடவில்லை. ஏனெனில் மழைக்குக் காது கிடையாது. யார் எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு மேகம் வருவதில்லை.

ஓட்டருக்குக் காது உண்டு. "இந்தக் கட்சி நாலாவதாகத்தான் வருமாம், அதற்குப் போடும் ஓட்டு வீண்" என்று காதில் விழுந்தவுடன் அவர் மனம் தளருகிறது. தோற்கிற பக்கம் நிற்க யாருக்கும் மனம் வருவதில்லை. ஆகவே, விலையை ஏற்றி வைத்தவன் விலையின் பலனையும் ஏற்றி வைக்கிறான். மழை விஷயத்தில் அது வெறும் சூதாட்டம். ஓட்டு விஷயத்தில் அது பிரசாரம். அதுவும் நோட்டீசு அடித்தவன் பெயர் போடாத பிரசாரம். ஓட்டுப் பதிவு முடிகிற வரைக்கும் வாக்குக் கணிப்பை வெளியிடக் கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126-ஏ பிரிவில் தடை வைத்து, மீறினால் இரண்டு வருஷம் வரைக்கும் சிறை என்று எழுதியிருக்கிறார்களே, எதற்காக? ஓட்டருக்குக் காது உண்டு என்பது சட்டம் செய்தவர்களுக்குத் தெரியும்.

தோற்கிற கட்சிக்குப் போட்ட ஓட்டு வீண் என்பதும் உண்மையல்ல. அதே 2024-ல் நாம் தமிழர் கட்சி தமிழ்நாட்டில் ஓர் இடத்திலும் ஜெயிக்கவில்லை. பந்தயக்காரன் கணக்கில் அதற்கு நாலாவது இடம். ஆனால் 100-க்கு 8 வீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கினதால் அது தேர்தல் கமிஷனால் மாநிலக் கட்சியாக அங்கீகரிக்கப்பட்டது. அந்தக் கட்சியை நாம் ஆதரிக்கிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாலாவது இடத்துக்குப் போட்ட ஓட்டும் சட்டத்தின் கண்ணில் எண்ணப்பட்டது என்பதற்காகவே சொல்லுகிறோம். யாருக்குப் பிடித்ததோ அவருக்குப் போடுவதுதான் ஓட்டு. யார் ஜெயிப்பார் என்று ஊகித்துப் போடுவது பந்தயச் சீட்டு. ஓட்டுச் சாவடியில் நமக்குக் கொடுப்பது பந்தயச் சீட்டல்ல.

பணம் கட்டினவன் ஓட்டு

இனி, அந்த வாலிபர் கடைசியாகச் சொன்ன சங்கதிக்கு வருவோம். பணம் கட்டின பக்கமே ஓட்டையும் போட்டேன் என்றாரே, அதை இங்கிலாந்து கோர்ட்டார் 1785-லேயே கண்டுகொண்டார்கள். மான்ஸ்பீல்டு பிரபு பிரதம நீதிபதியாயிருந்த காலம் அது. ஒரு பார்லிமெண்டுத் தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று இரண்டு ஓட்டர்கள் தங்களுக்குள் பந்தயம் கட்டிக்கொண்டார்கள். வழக்கு வந்தபோது, ஓட்டுரிமையுள்ளவன் முடிவின்மேல் பணம் கட்டினால் அவன் மனம் சுதந்தரமாயிருக்க முடியாது, ஆகவே அந்தப் பந்தயம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஓட்டுக்குப் பணம் கொடுப்பது லஞ்சம் என்று நாம் எல்லோரும் கூச்சலிடுகிறோம். ஆனால் தன் கைப்பணத்தையே கட்டித் தன் ஓட்டைத் தானே விலைக்கு வாங்கிக்கொண்டவனை என்னவென்று சொல்லுவது? அந்த வாலிபர் ஜெயித்திருந்தாலும் இந்தக் குற்றம் மாறியிருக்காது. ஜெயித்திருந்தால் அடுத்த தேர்தலில் இரண்டு மடங்கு கட்டியிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பழைய புத்தி அங்கேயும் நிலைக்கவில்லை. பிரிட்டனில் இன்று தேர்தல் பந்தயம் சட்டத்துக்கு உட்பட்ட வியாபாரம். அதன் பலன் என்ன? 2024-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி தேர்தல் என்று மே 22-ந் தேதி அறிவித்தார்கள். அறிவிப்பதற்கு முன்னாலேயே தேர்தல் ஜூலையில் வரும் என்று பணம் கட்டப்பட்டிருந்தது பிறகு வெளியாயிற்று. பிரதமருக்குப் பார்லிமெண்டுக் காரியதரிசியாயிருந்த ஒரு மெம்பரே பந்தயம் கட்டினதை ஒப்புக்கொண்டார். இதன் தொடர்பாக 2025 ஏப்ரலில் 15 பேர்மேல் வழக்குத் தொடுத்தார்கள். அந்த வழக்கில் யார் குற்றவாளி, யார் குற்றமற்றவர் என்பதைக் கோர்ட்டார் தீர்மானிக்கட்டும். தேர்தலில் பந்தயம் என்று வந்துவிட்டால், உள்ளே இருப்பவனுக்கு ரகசியமே முதலாகிவிடுகிறது. வெளியே இருக்கும் ஏழை அந்த ரகசியத்தோடு சூதாடுகிறான் என்பது மட்டும் நமக்கு விளங்கினால் போதும்.

சட்டம் போதுமா?

சட்டம் இல்லாமலில்லை. பந்தயத்தில் ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்று 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 30-வது பிரிவு சொல்லுகிறது. ஆகவே கம்பெனிக்காரன் கொடுக்கமாட்டேன் என்றால் அந்தப் பந்தயப் பணத்துக்குக் கோர்ட்டில் வழியில்லை. "அபிப்பிராய வியாபாரம்" என்ற பெயரால் நடந்த ஆட்டங்களில் பணம் போடுகிறவர்களுக்கு எங்கள் பாதுகாப்பு எதுவுமில்லை என்று பங்கு மார்க்கெட்டை மேற்பார்வை செய்யும் செபி 2025 ஏப்ரலில் எச்சரித்தது. அதே வருஷம் ஆகஸ்டு மாதம் 22-ந் தேதி ஜனாதிபதி சம்மதம் பெற்ற மத்திய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, திறமையானாலும் சரி, அதிர்ஷ்டமானாலும் சரி, நடத்தக்கூடாது என்றது. நடத்துகிறவனுக்கு மூன்று வருஷம் வரைக்கும் சிறை, ஒரு கோடி ரூபாய் வரைக்கும் அபராதம். அந்த வியாபாரம் செய்த கம்பெனிகள் பணம் கட்டும் கதவை அப்போது மூடின.

ஆனால் சட்டத்தோடு எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் நம்பவில்லை. தாம்பரத்தில் ரயிலேறிக் கிண்டியைத் தாண்டிப் போகிறீர்களே, அந்தக் கிண்டிக் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு சர்க்கார் 1974-ல் சட்டம் செய்தார்கள். 1996-ல் சுப்ரீம் கோர்ட்டார் குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டமல்ல, திறமை என்று சொல்லிவிட்டார்கள். தேர்தல் பந்தயக்காரனும் நாளைக்கு இதையே சொல்லுவான்: "அரசியல் அறிவுள்ளவன் ஜெயிக்கிறான், இது திறமை" என்பான். திறமையென்றே வைத்துக்கொள்ளுவோம். திறமையுள்ளவன் திறமையில்லாதவன் பையில் கை விடுவது அதனால் யோக்கியமாகிவிடுமா? ஜேப்படிக்காரனுக்கும் திறமை வேண்டும். பெயரை மாற்றிக்கொண்டும், கடல் தாண்டிய ஊரில் கடை வைத்துக்கொண்டும் இந்த வியாபாரம் வந்துகொண்டேயிருக்கும். கதவைச் சர்க்கார் மூடலாம். அந்தப் பக்கம் போகாமலிருக்கும் புத்தியை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

ஆகவே, தோழர்களே, நாம் கேட்டுக்கொள்ளுவது அதிகமில்லை. யாராவது "இந்தக் கட்சிக்கு இவ்வளவு விலை" என்று உங்களிடம் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். பணம் போட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களில் பெரிய பணம் யாருடையது? இந்த விலையை எனக்குச் சொல்லுவதால் உனக்கு என்ன லாபம்? இந்த மூன்றுக்கும் பதில் வராவிட்டால், அந்த விலையை ஜாதகக் கட்டத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, தேர்தல் வந்தால் யார் முதல், யார் இரண்டாவது என்று மட்டும் பேசிக்கொண்டிருப்பதை விட்டுவிடுங்கள். குதிரை ஓடுவதைப் பார்க்கிறவனுக்கு அந்தப் பேச்சுப் போதும். ஓட்டர் வேடிக்கை பார்க்கிறவரல்ல. வேலைக்காரனை நியமிக்கிற எஜமானர். சேலையூர் ஏரியில் சாக்கடை சேராமலிருக்க என்ன செய்தாய், 2015-ல் முடிச்சூர், வரதராஜபுரம் ஜனங்களை மூழ்கடித்த வெள்ளம் மறுபடி வராமலிருக்க என்ன செய்யப் போகிறாய், எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் எங்கே என்று அபேட்சகரைக் கேளுங்கள். இந்தக் கேள்விக்கெல்லாம் எந்தப் பந்தய மார்க்கெட்டும் சீட்டு விற்பதில்லை. ஏனென்றால் இதில் கமிஷன் இல்லை.

மூன்றாவது, வாலிபர்களுக்குச் சொல்லுகிறோம். பணத்தை இழந்தவன் அவமானப்பட்டு ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒளிந்துகொள்ளுகிற வரைக்கும்தான் ஏமாற்றுகிறவனுக்குப் பிழைப்பு. அந்தக் கேம்ப் ரோட்டு வாலிபர் தம் தாயாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, இப்போது மாதம் 2,000 ரூபாயாகத் திருப்பிக் கட்டி வருகிறார். அந்த அம்மாளும் இன்று இக்கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். "பணம் போனால் போகிறது, அடுத்த தடவை ஓட்டையாவது அவன் இஷ்டப்படி போடட்டும்" என்று அந்த அம்மாள் நம்மிடம் சொன்னார்கள். நாம் இவ்வளவு நேரம் பேசியதும் அதைத்தான்.

நாம் சொன்னதில் தப்பு இருந்தால் இப்போதே எழுந்து கேளுங்கள். பதில் சொல்லக் காத்திருக்கிறோம்.